ஒன்பது என்றது ரத்தம்

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் பேசிய முதல் பேச்சு இதுதான். எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் புருஷனைச் சந்தேகப்படுவார்கள், பங்காளியைச் சந்தேகப்படுவார்கள், மருமகள் நகையைத் தூக்கிவிட்டாள் என்பார்கள். இவள் அந்த வகையில் சேரவில்லை.

"ஒண்ணு என் ரத்தம். இன்னொண்ணு என் உடம்பு."

ஓஸ்தோயா சூரியகாந்தி விதை கடிப்பதை நிறுத்தினார். அவர் விதையை நிறுத்தினால் கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வைக்கோல் போரையும் செத்த மாட்டையும் விசாரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சோம்போர் ஊர்க் கடைத்தெருவில் பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் அவருடைய உதவியாள், பிரோஷ்கா. அதற்கு முன்னால் பியூட்டி பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரியைவிட வாய் நீளம் என்று முதலாளியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

வந்தவள் பெயர் யெல்கா. ஐம்பதை ஒட்டிய வயது. தலையை மூடி இறுக்கிக் கட்டிய துணி. ஊருக்கு வெளியே தனிப் பண்ணைவீடு. கணவன் கோய்கோ கல்யாணங்களுக்குக் குதிரை வண்டி ஓட்டுகிறவன்.

"சினைப்பையில கேன்சர். பனிக்காலத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அப்புறம் மருந்து ஏத்தறாங்க. மருந்து கேக்குதா இல்லையான்னு பாக்க ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, மார்க்கர்னு. கட்டி உள்ள இருந்தா ரத்தத்துல ஒரு சரக்கை விடுமாம். எண்ணு ஏறினா கட்டி வளருது, எறங்கினா கரையுது. முப்பத்தஞ்சுக்குக் கீழ வந்துட்டா கவலையே இல்லையாம்."

"உங்களுக்கு எவ்வளவு?" என்றார் ஓஸ்தோயா.

யெல்கா போனை எடுத்து நீட்டினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அறுநூத்துச் சொச்சம். ஈஸ்டர் வரைக்கும் முன்னூறுக்குக் கீழ எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சுது. அப்புறம் மளமளன்னு எறங்கி இப்ப ஒன்பது. ஒன்பதே ஒன்பதுங்க ஐயா. டாக்டர் என் கையைப் புடிச்சுக் குலுக்கறாரு. மருந்து பிரமாதமா வேலை செய்யுது, இதையே ஏத்துவோம்ங்கறாரு."

"நல்ல சேதிதானே அக்கா?" என்றேன்.

"பாவாடை நாடா கட்ட முடியல, தங்கச்சி. வயிறு உப்பிக்கிட்டே போகுது. அரைக் கிண்ணம் சூப்பு குடிச்சா தொண்டை வரைக்கும் நிக்குது. முதுகுல யாரோ முட்டுக் குடுக்கறாப்பல வலி. டாக்டர்கிட்டச் சொன்னா, நம்பர் இவ்வளவு நல்லா இருக்கறப்ப மனசுல பயத்தை ஏத்திக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஸ்கேனுக்கு வரிசை நிக்குது. அக்டோபர்ல வரச் சொல்லியிருக்காங்க."

அப்போது ஜூலை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அக்டோபர் வரைக்கும் நான் தாங்க மாட்டேன். எண்ணு பொய்னா இந்த மருந்தே தண்டம். இன்னைக்கே வேற மருந்துக்கு மாறணும். உடம்பு பொய்னா எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நானே ஒத்துக்கறேன். டாக்டருக்கு எண்ணு மேலதான் நம்பிக்கை. என்னை நம்பறதுக்குத்தான் ஆளே இல்ல."

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஏதாவது அசட்டு ஜோக் வரும். அன்றைக்கு வரவில்லை.

ஓஸ்தோயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "பதினொண்ணு, பத்து, ஒன்பது... இதென்ன நடுவுல நானூத்து எண்பத்தாறு?"

"அது ஜூன்ல வந்தது. லேப்புல தப்புப் பண்ணிட்டாங்கன்னு டாக்டர் கோடு போட்டு அடிச்சுட்டாரு. அடுத்த வாரமே திரும்ப எடுத்தோம், பத்துன்னு வந்துடுச்சு."

"தப்புன்னு லேப்ல சொன்னாங்களா?"

"இல்ல, டாக்டர்தான் சொன்னாரு."

ஓஸ்தோயா எழுந்து தொப்பியை எடுத்தார்.

*

எங்கள் ஊரில் ரத்தம் கொடுப்பது காய்கறி வாங்குகிற மாதிரி. டாக்டர் சீட்டு வேண்டாம். காலையில் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் லேப்பில் கையை நீட்டிவிட்டுப் போனால், சாயந்திரம் போனில் எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி மருத்துவம் சொல்வாள்.

யெல்கா ரத்தம் கொடுக்கிற லேப்புக்குப் பொறுப்பு டாக்டர் தெரேஸ். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கோபம். ரத்தம் ஆள் மாறியிருக்குமா என்று ஓஸ்தோயா கேட்டதுதான் தாமதம், எகிறிவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில புள்ளை மாறும். கல்யாணத்துல செருப்பு மாறும். என் லேப்ல ரத்தம் மாறாது!"

"இந்த ஊர்ல யெல்கான்னு கூப்பிட்டா மூணு பொம்பளைங்களும் ஒரு ஆடும் திரும்பிப் பாக்கும் டாக்டர்," என்றேன்.

"ஆடு வந்தாலும் பேரு, பொறந்த தேதி கேட்டுத்தான் ஊசி குத்துவோம். இங்க பாருங்க. அந்தம்மா வந்து அழுதுட்டுப் போனப்ப எனக்கே மனசு கேக்கல. மிச்ச ரத்தம் ஃப்ரீசர்ல இருந்துச்சு. அத்தனையையும் எடுத்து குரூப் பாத்தேன். எல்லாம் அபூர்வமான ஒரே குரூப். அவங்க ரத்தம்தான். ஒன்பதும் அவங்களோடதுதான், நானூத்து எண்பத்தாறும் அவங்களோடதுதான்."

"அப்ப ஜூன்ல தப்பு நடக்கல?"

"நடக்கல. அன்னைக்கு மெஷின் சுத்தமா ஓடுச்சு. அதை உங்க பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. என் போனை எடுத்தாத்தானே!"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுக்கிற நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தலைமுடி, நகம் வளர வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லவும் என்று எழுதியிருந்தது.

"இது எதுக்கு டாக்டர்? பார்லர்ல இந்த மாத்திரையை நான் கூடை கூடையா வித்திருக்கேன். பயோட்டின்னு பேரு. யாருக்கும் முடி வளரல, முதலாளியம்மாவுக்கு வீடு வளர்ந்துச்சு."

"அது உடம்பை ஒண்ணும் பண்ணாது. டெஸ்ட்டைத்தான் கெடுக்கும்." தெரேஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எங்க டெஸ்ட்ல குட்டிக் குட்டியா கொக்கி இருக்கும். மார்க்கர் அதுல வந்து மாட்டிக்கும். எத்தனை மாட்டுதோ அதை மெஷின் எண்ணும். இந்த வைட்டமின் ரத்தத்துல நெறைய இருந்தா முந்திக்கிட்டு வந்து கொக்கியெல்லாம் புடிச்சுக்கும். பாலிச் ஏரிக்குப் போற ரயில்ல சீட்டுக்குச் சீட்டு பையைப் போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்காப்பல. மார்க்கர் வந்து பாக்கும், எடம் இல்ல, எறங்கிப் போயிடும். மெஷின் என்ன சொல்லும்? மார்க்கரே வரலன்னு சொல்லும். ஒன்பதுன்னு சொல்லும்."

ஓஸ்தோயாவின் கை பாக்கெட்டுக்குள் விதையைத் தேடிப் போய் வெறுமனே திரும்பியது.

"யெல்காகிட்ட இதைக் கேட்டீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டோம். ஒரு மாத்திரைகூடச் சாப்பிடலன்னு சத்தியம் பண்றாங்க. இன்னொண்ணு, முன்னூறை ஒன்பதாக்கணும்னா கடை மாத்திரை பத்தாது. கைப்பிடி கைப்பிடியாத் தின்னணும். எந்த மனுஷன் தின்பான்?"

"மனுஷன் தின்ன மாட்டான்," என்று முணுமுணுத்தார் ஓஸ்தோயா. பிறகு வேறெதுவும் பேசாமல் படியிறங்கிவிட்டார்.

கீழே என் பழைய யூகோ கார் வெயிலில் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த உடனே அவர் சொன்னார்: "பத்து சாட்சி ஒரே மாதிரி சொன்னா நான் பதினோராவது சாட்சியைத் தேடுவேன். பிரோஷ்கா, இத்தனை எண்ணுல ஒண்ணே ஒண்ணுதான் உண்மை பேசியிருக்கு. அதைத்தான் தப்புன்னு அடிச்சிருக்காங்க."

"நானூத்து எண்பத்தாறு!"

"அன்னைக்கு அந்த வீட்ல என்ன வித்தியாசம்? போன் போடு."

போட்டேன். யெல்கா யோசிக்கவே இல்லை. "அந்த வாரம் கோய்கோ ஊர்ல இல்லை தங்கச்சி. எல்லைக்கு அந்தப் பக்கம் பாயாவுல ஒரு கல்யாணம். வண்டி, குதிரையோட போயி நாலு நாள் தங்கிட்டாரு. நானே சமைச்சு நானே தின்னேன்."

"மத்த நாள்ல?"

"எனக்கு நோவு வந்ததுலேருந்து காலைக் காபி அவருதான். ஒரு கோப்பை பால் காபி குடிச்சு முடிக்காம லேப்புக்குக்கூட விட மாட்டாரு. ஏன் கேக்கறே?"

"சும்மாக்கா. எனக்கும் அப்படி ஒரு புருஷன் கிடைப்பானான்னு விசாரிக்கறேன்." போனை வைத்தேன். "பாஸ், முடிஞ்சது கேஸ். பொண்டாட்டி காபியில ஒருத்தன் திருட்டுத்தனமா எதையோ கலக்கறான்னா அது பாசத்துல இருக்காது. இன்ஷூரன்ஸ் இருக்கான்னு பாருங்க. எவளாவது இருக்காளான்னு பாருங்க."

"பாக்கலாம். வண்டியை எடு."

"எங்க?"

"உனக்குக் கல்யாணம். வண்டி பேசப் போறோம். நான் பொண்ணுக்கு அப்பா."

"மாப்பிள்ளை யாருன்னு கேட்டா?"

"உன் வாயைப் பாத்துட்டு ஓடிட்டான்னு சொல்லுவேன்."

*

மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே வெள்ளையடித்த நீண்ட வீடு. கோய்கோ வாசலுக்கே ஓடிவந்தான். பெரிய உடம்பு, பெரிய மீசை, பேசினால் குழந்தைக் குரல். யெல்கா உள்ளே படுத்திருந்தாள். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வழியிலேயே போன் போட்டு அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

"பொண்ணு வெள்ளைக் கவுனுல வந்தா என் விலா பெருமையா தலையைத் தூக்கி நடப்பா," என்று கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனான். விலா அவனுடைய குதிரை. ஒரே குதிரை. கறுப்பு. குளம்பு நாலும் எண்ணெய் தேய்த்த கருங்கல்லாக மின்னியது.

"குளம்பு அம்சமா இருக்கே," என்றார் ஓஸ்தோயா.

"போன வருஷம் பாத்திருக்கணும் நீங்க. வெடிச்சு வெடிச்சுச் சில்லு சில்லா போச்சு. கறிக்குப் போடுன்னாரு மாட்டு டாக்டர். நான் விடல."

அவன் சேணம் எடுக்க உள்ளே போனான். ஓஸ்தோயா சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். எங்கள் ஊரில் எந்த வீட்டு ஜன்னலிலும் ஜெரேனியம் பூ இருக்கும். அதைப் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு எரிச்சலாக வந்தது.

"பூ வாங்கிக்கிட்டுப் போறதா இருந்தா கடைத்தெருவுலேயே—"

"தொட்டியைப் பாரு."

தொட்டி இல்லை, டப்பா. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பிச் செடி வைத்திருந்தாள் யெல்கா. ஜன்னல் நெடுக வரிசையாக அதே டப்பா. கிணற்றடியில் இன்னும் சில. எல்லாவற்றிலும் குதிரைத் தலைப் படம். நான் குனிந்து ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். குளம்புக்கும் பிடரி மயிருக்கும் என்று போட்டிருந்தது. ஒரு டப்பா ஒரு குதிரைக்கு ஆறு மாதம் வரும் என்றும் போட்டிருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், பார்லரில் நான் கூடை கூடையாக விற்ற அதே பெயர்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் கொட்டகைக்குள் திரும்பியபோது கோய்கோ சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, உங்க குதிரை வருஷத்துக்கு எத்தனை டப்பா தின்னும்?" என்றேன்.

"ரெண்டு."

"எண்ணிப் பாத்தா பூந்தொட்டி மட்டும் ஒன்பது இருக்கு. மிச்சம் யாரு தின்னா? அக்கா காபியில எத்தனை கரண்டி போடுவீங்க?"

சேணம் கீழே விழுந்தது. ஓடப் போகிறான் என்று நினைத்துக் கதவை மறித்தேன். என் உயரத்துக்கு அவனை மறிப்பது ஆட்டுக்குட்டி லாரியை மறிப்பது மாதிரி. ஆனால் அவன் ஓடவில்லை. முகம் முழுக்கச் சிவந்து, சின்னப் பையன் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவளுக்குத் தெரிஞ்சுடுச்சா? அவதான் உங்களை அனுப்பினாளா?"

"எதுக்குக் கலக்கினே?" ஓஸ்தோயாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"முடிக்கு."

"என்னது?"

"அவ முடிக்குங்க. பின்னல் இடுப்பு வரைக்கும் இருக்கும். மருந்து ஏத்தினதும் கொட்டிப் போச்சு. தலையில துணியைக் கட்டினவ தூங்கறப்பகூட அவுக்க மாட்டேங்கறா. கண்ணாடியைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டா. என்னைப் பாத்து ஒரு நாள் கேட்டா, அசிங்கமா இருக்கேனான்னு. எனக்கு முடி போனதே கண்ணுல படலடின்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிட்டு, முடி வளர இதைக் குடின்னு எப்படிங்க குடுக்கறது?"

குதிரை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"விலாவுக்குப் பிடரி மயிரெல்லாம் திரும்ப வந்துச்சு. குதிரைக்கு ஆகறது மனுஷனுக்கு ஆகாதா? குதிரைக்குத் தேய்க்கிற தைலத்தை முழங்கால்ல தேய்க்காதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

என் பாஸ் முழங்காலிலேயே அந்த வாடை அடிக்கும்.

"எப்பலேருந்து?" என்றார் ஓஸ்தோயா.

"ஈஸ்டர்லேருந்து. முதல்ல ஒரு கரண்டி. முடி வரல. ஆனா..." அவன் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஆனா எண்ணு எறங்கிச்சுங்க! டாக்டரு அவரு மருந்துன்னு நினைச்சுக்கிட்டாரு. எனக்குல்ல தெரியும்! அவரு மருந்துக்கு எறங்காத எண்ணு என் பொடிக்கு எறங்குச்சு. கரண்டியை ரெண்டாக்கினேன், மூணாக்கினேன். பாயாவுக்குப் போனப்ப நாலு நாள் நின்னுபோச்சு, உடனே ஏறிடுச்சு பாருங்க! பதறிப்போய் வந்து இன்னும் ஒரு கரண்டி சேத்தேன். ஒன்பதுன்னு வந்த அன்னைக்கு இங்க வந்து இந்த விலா கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதேங்க. நம்ம ரெண்டு பேருமா யெல்காவைக் காப்பாத்திட்டோம்டின்னு சொன்னேன்."

நான் திரும்பி நின்றுகொண்டேன். இவனைப் போலீஸில் பிடித்துக்கொடுக்கும் ஆசையோடு வந்தவள் நான்.

ஓஸ்தோயா வைக்கோல் கட்டின் மேல் அவனை உட்காரவைத்தார். கொக்கியையும் சீட்டையும் பற்றித் தெரேஸ் சொன்னதை இன்னும் எளிமையாகச் சொன்னார். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கோய்கோ சிரித்தான். இரண்டாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப கட்டி குறையல?"

"இல்ல."

"எண்ணு மட்டும்தான் குறைஞ்சுதா?"

"ஆமாம்பா. டாக்டர் அந்த எண்ணைப் பாத்துத்தான் மருந்தை மாத்தாம விட்டாரு."

"பொடி போடாம இருந்திருந்தா எப்ப மாத்தியிருப்பாரு?"

ஓஸ்தோயா பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லலாம். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

"ஈஸ்டர்ல," என்றார்.

கோய்கோ வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு நெற்றியை மரத்தூணில் முட்டினான், மறுபடி மறுபடி, குதிரை மிரண்டு கயிற்றை இழுக்கும் வரை. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அவ என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா," என்றார் ஓஸ்தோயா. "எது பொய்னு. அதுக்குப் பதில் நான் சொல்லியாகணும். எப்படிப் பொய்யாச்சுங்கறதை நீதான் சொல்லணும். போ, இப்பவே."

அவன் போனான். முற்றத்தைத் தாண்ட அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்ததில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து யெல்கா தானே வெளியே வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"பொடியை நிறுத்தி எத்தனை நாள்ல ரத்தம் தெளியும்?" என்று மட்டும் கேட்டாள்.

*

ஒரு வாரம் கழித்து வந்த எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. தெரேஸ் போனில் அழுதாள். அந்த எண்ணைக் காட்டியதும் அக்டோபர் வரிசை எங்கோ போயிற்று. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்களும் கூடப் போனோம். கோய்கோ கார் ஓட்டுகிற நிலையில் இல்லை. டாக்டர் அறைக்குள் யெல்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான். நான் கதவோரம். ஓஸ்தோயா உள்ளே வரவில்லை.

டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. படத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கல்லீரலுக்குப் போயிருக்கு. வயித்து உறை முழுக்கப் பரவியிருக்கு. ஈஸ்டர் சமயத்துல கல்லீரல் சுத்தமா இருந்துச்சு. அப்பவே நம்பர் ஏறியிருந்தா ரெண்டாவது மருந்துக்கு மாத்தியிருப்பேன்."

"இப்ப?" என்றாள் யெல்கா.

"அந்த மருந்து இப்பவும் இருக்கு. குடுக்கலாம்."

குடுக்கலாம் என்றார். கேட்கும் என்று சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் வித்தியாசம் புரிந்தது.

"லேப்ல வைட்டமின்னு எழுதியிருக்காங்க. குதிரைக்குப் போடறதா? இதை யாரு உங்களுக்குக் குடுத்தது?"

கோய்கோவின் வாய் திறந்தது. யெல்கா பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் கணு வெளுக்கிற அளவுக்கு இறுக்கினாள்.

"யாரும் குடுக்கல டாக்டர். நானேதான் கொட்டகையிலேருந்து எடுத்துக் குடிச்சேன். பொம்பளைக்கு முடி மேல ஆசை இருக்காதா?"

"ஏதாவது சாப்பிடறீங்களான்னு நாங்க எத்தனை தடவை கேட்டோம்?"

"வெக்கமா இருந்துச்சு. இல்லைன்னுட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மீதும் தப்பு சொல்ல முடியாது, அவரும் ராத்திரி தூங்க வேண்டுமே. படித்துப் படித்துச் சொன்னோம், உங்கள் உயிரை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள், இனி நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பொரிந்து தள்ளினார். யெல்கா தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். "தப்புதான் டாக்டர்," என்றாள். அவர் ஃபைலில் எழுதினார். கோய்கோவின் கண்ணீர் அவள் தலைத்துணியில் சொட்டியது. டாக்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "நீங்களாவது கவனிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

வெளியே வந்ததும் கோய்கோ தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எங்கேயோ போனான். நடைவழி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுக்குக்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரியில ஒண்ணு எழுதினா அது ஊர் கடைத்தெருவுக்கு வர எத்தனை நாளாகும்னு உனக்குத் தெரியாதா? நான் போயிடுவேன். அந்த மனுஷன் அதே வீட்ல, அதே ஜனங்களுக்கு நடுவுல இன்னும் எவ்வளவு காலம் கெடக்கணும்! பொண்டாட்டியைக் கொன்னவன் போறான் பாருன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அவரு வண்டியை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடாம போயிடக் கூடாது. நீயும் ஐயாவும் வாயைத் திறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் வாயை நம்பி யாரும் அதுவரை சத்தியம் வாங்கியதில்லை.

"உங்களுக்குக் கோவமே வரலையாக்கா?"

"வராம? ராத்திரி பூரா வயிறெரிஞ்சு கெடக்கேன். எனக்குச் சாகப் புடிக்கல, தங்கச்சி. கொஞ்சம்கூடப் புடிக்கல." அவள் உதடு கோணியது. துணியின் நுனியால் அழுத்தித் துடைத்தாள். "விடிஞ்சா அந்த மூஞ்சி எதிர்ல வந்து நிக்குது. அந்தக் கோவத்தை எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு தெரியல."

ஓஸ்தோயா கொஞ்சம் தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். கேஸ் முடிந்தது. குற்றவாளி கிடைத்தான். அவருடைய தோள் அவ்வளவு தொங்கி நான் பார்த்ததே இல்லை.

கோய்கோ திரும்பி வந்தபோது அவன் கையில் தண்ணீர் இல்லை. எந்த வார்டிலிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தான். "உக்காருடி," என்றான்.

"அக்கா நடப்பாங்கண்ணே. நடந்துதானே வந்தாங்க," என்றேன்.

யெல்கா என் கையை அழுத்தினாள். "சும்மா இரு. எனக்காக ஏதாவது செஞ்சாத்தான் அவருக்கு ஆறும்," என்று என் காதோடு சொன்னாள். பிறகு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பலகை மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் தள்ள ஆரம்பித்தான்.